பூசணிக்காய்க்குப் பிடித்த பயம்

சனிக்கிழமை என்றால் அந்த ஊரில் தேவாலயத்தைவிட ஸ்பாஸ் மாஸ்டர் வீட்டு வாசலில்தான் கூட்டம். பல்கேரியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கார்கள் வந்து நிற்கும். பேசாத பிள்ளை, தூங்காத பிள்ளை, படுக்கையை நனைக்கும் பிள்ளை, டீச்சரைக் கடித்த பிள்ளை! எல்லாருக்கும் நோய் ஒன்றே: பயம். மருந்தும் ஒன்றே: ஈயம்.

பிள்ளையை வெள்ளைத் துணியால் மூடுவார் மாஸ்டர். முகத்தைப் பார்த்தால் பயம் ஒளிந்துகொள்ளுமாம். தலைக்கு மேலே ஒருத்தி தண்ணீர்ச் சட்டியைப் பிடிக்க, அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். சுர்ரென்று உறையும் ஈயத்தில், பிள்ளையை மிரட்டியது எதுவோ அதன் உருவம் தெரியும். அவர் கண்ணுக்கு மட்டும்.

பத்து வருஷத்துக்கு முன்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கார் பேட்டரி பழுது பார்த்தவர் அவர். ஈயத்தோடு அப்போதே பழக்கம். பேட்டரி சரியாகாவிட்டால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். பிள்ளை சரியாகாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வருகிறார்கள். கெட்டிக்காரத்தனமான தொழில் மாற்றம்தான்.

தெமெனுகாவும் போனாள். அவள் மகள் ராதினாவுக்கு நாலரை வயது. வாயில் ஒரு சொல் வராது; பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாத்திர மூடிகளைச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதுத் தம்பி கலின் ஓடிவந்து மூடியைப் பிடித்துவிட்டால் வீடே அதிரும். இருவருக்கும் நடுவில் தெமெனுகா ஆறிப்போன காபியைக் குடித்தே பழகிவிட்டாள்.

மாஸ்டர் ஈயத்தை உற்றுப் பார்த்தார். "கறுப்பு நாய்! பக்கத்து வீட்டு நாய்!"

தெமெனுகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து வீட்டில் நிஜமாகவே கறுப்பு நாய் இருந்தது.

"அந்தப் பேச்சு வகுப்பை இன்னையோட நிறுத்தும்மா. பயத்தைக் கிளறி விடுறானுங்க."

நிறுத்தினாள். அந்த வகுப்பில்தான் ராதினா தண்ணீர் படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றிருந்தாள். வகுப்பு நின்ற மூன்று வாரத்தில் அதை மறந்துபோனாள். தாகம் எடுத்தால் மறுபடி தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள்.

மகளின் நெற்றி வீக்கத்துக்கு ஈரத்துணி வைத்தபடி கணவன் யாவோர் கேட்டான்: "நாய் விஷயம் அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

"ஈயத்துல தெரிஞ்சுது. நான் யார்கிட்டயும் சொல்லல."

"யார்கிட்டயுமே?"

"வரிசையில காபி விக்கிற பெனா அக்காகிட்ட மட்டும்... பாவம், 'குழந்தை எதைப் பார்த்து மிரண்டுச்சு கண்ணு'ன்னு அக்கறையா கேட்டாங்க..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. சட்டி பிடித்ததும் அதே பெனாதான்!

வெட்கம் முதலில் வந்தது. பின்னாலேயே கோபம்.

அடுத்த சனிக்கிழமை தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள். உள்ளே தொப்பியும் கம்பளிச் சட்டையும் அணிந்த உருவம், மேலே ஏற்கெனவே மூடிய வெள்ளைத் துணி.

"தூங்குதா தங்கம்?" என்றாள் பெனா.

"ஆமாக்கா. அன்னைக்குச் சொல்ல மறந்துட்டேன். சர்க்கஸ்ல ஒட்டகம் ஒண்ணு இவ மூஞ்சியில துப்பிடுச்சு. அதுலேர்ந்துதான் இப்படி."

"ஐயோ, ஒட்டகமா!" காபித் தட்டோடு பெனா உள்ளே விரைந்தாள்.

முறை வந்தது. கூடம் நிறைய ஜனம். ஈயம் சுர்ரென்றது. மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"நாய் போயிடுச்சு. அதுக்கடியில இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. திமில்... நீளக் கழுத்து... ஒட்டகம்!"

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"குழந்தை இப்ப எப்படி இருக்கா ஐயா?" என்றாள் தெமெனுகா பவ்வியமாக.

"நடுங்குறா பாரு! பயம் வெளிய வருது. நெஞ்சு படபடன்னு அடிக்கிறது எனக்குக் கேக்குது!"

தெமெனுகா துணியை இழுத்தாள்.

ராதினாவின் தொப்பிக்குக் கீழே, மஞ்சளாக, உருண்டையாக, எந்தக் கவலையுமில்லாமல் உட்கார்ந்திருந்தது ஒரு பூசணிக்காய்.

"எங்க தோட்டத்துக் காய் ஐயா. சர்க்கஸுக்கு எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே. மாஸ்டர் கத்தினார்: "சூனியக்காரி! பிள்ளையைக் கொண்டுவராம என் சக்தியைக் கெடுத்துட்டா!"

"பிள்ளை அவ அப்பாகூடப் பேச்சு வகுப்புக்குப் போயிருக்கா. நான்தான் மூணு வாரத்தைக் கெடுத்தேன். அவ தண்ணி கேட்க மறுபடி முதல்லேர்ந்து கத்துக்கணும்."

சிரிப்பு அடங்கியது. தாய்மார்கள் ஒவ்வொருவராகப் பெனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் அவளிடம் சொன்னது அவரவருக்கு ஞாபகம் வந்தது. கூடம் காலியாகத் தொடங்கியது.

வாசலில் ஒருத்தி மட்டும் தெமெனுகாவின் கையைப் பிடித்தாள். "இந்தாளு ஏமாத்துக்காரன்தான், சரி. மலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் மெழுகு ஊத்துறாராமே, அவர் நெஜமா இருப்பாரோ?"

"போய்ப் பாருங்க. ஆனா வாயைத் திறந்து எதையும் சொல்லாதீங்க. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?'னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கேட்டதும் கோபம் வந்தா, பிள்ளையைத் தூக்கிட்டு வீடு வந்து சேருங்க. பதில் சொல்லத் தெரிஞ்சவனுக்குக் கேள்வி மேல ஏன் கோபம் வரணும்?"