இடைவேளைப் பயிற்சியில் மாறாத வலு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. போகட்டும். சக்கரம் சுழலாமலே சைக்கிளோட்டத்தில் தெரிவாகலாம் என்று கண்டுபிடித்தது ஸ்கந்தபுரம் துவிச்சக்கரவண்டி மேம்பாட்டுக் குழுதான் என்பதையாவது சரித்திரம் எழுதிவைக்கட்டும்.

குழுவின் தலைவர் திருவாளர் இளையதம்பி. பதினொரு வருசமாக அவர்தான். கதிரையே அவருடைய அளவுக்குக் குழிந்துபோய்விட்டது, இனி வேறு ஆளை இருத்துவது கதிரைக்குச் செய்கிற துரோகம்.

இந்தப் பெருமையெல்லாம் சுரேகாவுக்கு நல்லாய்த் தெரியும். விடியப்புறம் பாற்கலனைச் சைக்கிளில் கட்டி, எட்டுக் கிலோமீற்றர் மிதித்துப் பால் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை. பளையிலிருந்து வவுனியா வரைக்கும் நடக்கிற மாகாண ஓட்டத்தில் ஒருக்கால் ஓடவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. குழு ஒரேயொரு ஆளைத்தான் அனுப்பலாம். மூன்று வருசம் கேட்டாள். மூன்று வருசமும் குழு ‘ஆழ்ந்து பரிசீலித்து’ ஒருவரையும் அனுப்பவில்லை.

இந்த வருசம் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. ‘இடைவேளைப் பயிற்சி நடத்தி, வலு வித்தியாசம் மிகக் குறைந்தவரைத் தெரிவு செய்க.’

“இடைவேளையிலை என்னத்தைப் பயிற்றுறது? தேத்தண்ணி குடிக்கிறதுதானே?” என்றார் தலைவர்.

செயலாளர் நிரோஜா பொறுமையாய் விளங்கப்படுத்தினாள். “நாலு நிமிசம் ஊண்டி மிதிக்கிறது, மூண்டு நிமிசம் மெள்ள ஓடி ஆறுறது. அப்பிடி ஐஞ்சு தரம். ஐஞ்சு தரமும் ஒரே வலு வரவேணும் ஐயா. மிதிகட்டையிலை ஒரு கருவி பூட்டினால் வலு எத்தினை வாட் எண்டு காட்டும்.”

“வாட்டோ? ஓடுற பிள்ளையளை ஏன் ஆசுபத்திரி வாட்டிலை போடுவான்?”

“இது வேற வாட் ஐயா.”

“எனக்குத் தெரியும். உமக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்.”

பிறகு கூட்டம் முக்கியமான விசயத்துக்கு வந்தது. ஒவ்வொரு இடைவேளைக்கும் தேத்தண்ணியோடு தின்ன, எண்ணெயில் பொரித்த றோல்ஸ் ஆளுக்கு எத்தனை? ஒரு மணித்தியாலம் வாதாடி, இரண்டு என்று ஏகமனதாய் முடிவாயிற்று.

பரீட்சை குளக்கட்டில். கருவி பூட்டின சைக்கிள் இரண்டு. ஒன்று சுரேகாவுக்கு, மற்றது தலைவரின் தங்கச்சி மகன் ரஜிதனுக்கு. ரஜிதன் இன்னும் நித்திரையால் எழும்பவில்லை. அவனுடைய சைக்கிள் மருதமரத்தில் சாய்ந்து நின்றது.

முதல் சுற்றில் கால் பறக்கச் சொன்னது. சுரேகா விடவில்லை. துள்ளி மிதித்தால் பால் தளும்பும் என்று அவளுடைய காலுக்கே தெரியும். மூன்றாம் சுற்றில் எதிர்காற்று. வேகம் விழுந்தது, விழட்டும் என்று இலக்கத்தை மட்டும் பார்த்தாள். நாலாவதில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. சைக்கிள் சும்மா ஓடப் பார்த்தது, கியரைப் பாரமாக்கிக் காலுக்கு வேலை கொடுத்தாள். ஐந்தாவதில் தொடை எரிந்து கண்ணால் தண்ணீர் வந்தது.

“பற பிள்ளை, பற!” என்று றோல்ஸ் வாயோடு குழு உற்சாகப்படுத்தியது. நல்லகாலம், அவள் காதில் விழுத்தவில்லை.

நிரோஜா வாசித்தாள். “சுரேகா. நூற்றி எண்பத்திரண்டு, எண்பத்து மூண்டு, எண்பத்தொண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு. வித்தியாசம் வெறும் ரெண்டு!”

சுரேகாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அப்பாடா, கிடைச்சிட்டுது!

“மற்றச் சைக்கிள்?” என்றார் தலைவர்.

“அது மரத்திலை சாத்திக் கிடந்தது ஐயா.”

“கருவி வேலை செய்ததோ?”

“ஓம்... ஐஞ்சு தரமும் பூச்சியம்.”

“வித்தியாசம்?”

நிரோஜா தலை குனிந்தாள். “பூச்சியம்.”

தலைவர் எழும்பி நின்றார். “சட்டத்துக்கு முன்னாலை என்ர மருமகனும் ஒண்டுதான், மற்றவையும் ஒண்டுதான். தெரிவானவர் ரஜிதன். மாற்று ஓட்டுநர் சுரேகா.”

“ஆள் வரவேயில்லையே ஐயா!” என்றாள் சுரேகா.

“வந்திருந்தால் வலு மாறியிருக்கும், பிள்ளை.”

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய்ப் பொங்கின. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு ஐந்தாம் சுற்றில் மிதித்த மாதிரியே, குரல் தளும்பாமல் கதைத்தாள்.

“நீங்கள் சொல்லுறது சரி ஐயா. ஆனால் ரஜிதன்ர வலு மாறாமல் இருந்தது அரை மணித்தியாலம்தான். உங்கட வலு பதினொரு வருசமாய் மாறேல்லை. சட்டப்படி பாத்தால் வவுனியாவுக்கு ஓடவேண்டியது நீங்கள்.”

“வலு சரியான கதை!” என்று குழு கைதட்டியது. தலைவரின் வாயில் ஆறாவது றோல்ஸ். பாராட்டு முன்மொழிவாக்கும் என்று நினைத்துத் தலையாட்டினார். நிரோஜா ஒரு சொல்லும் விடாமல் கூட்டக் குறிப்பில் எழுதினாள். எண்ணெய்க் கையோடு அவர் கையெழுத்தும் போட்டார். குறிப்பு அன்றைக்கே மேலிடத்துக்குப் போனது.

அடுத்த நாள் அங்கிருந்து அவருடைய பெயருக்கு, ஓட்டக்காரர் முதுகில் குத்துகிற இலக்கத் துணி வந்தது. நூறு கிலோமீற்றர் என்று பெரிதாய் எழுதிய வரைபடமும் வந்தது. இப்போது ரஜிதனின் பெயரைப் போடுவதென்றால், தான் கையெழுத்து வைத்த தீர்மானத்தைத் தானே பிழை என்று சொல்லவேண்டும். பதினொரு வருசத்தில் அவர் செய்யாத வேலை அது. முழங்காலைத் தடவிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பளையில் மாற்று ஓட்டுநர் சுரேகா சைக்கிளில் ஏறினாள்.

அந்தக் கடிதத்தை நிரோஜா குறிப்புப் புத்தகத்தில் பக்குவமாய்ப் பதிந்துவைத்திருக்கிறாள். ‘தலைவர் தமது இயலாமையை எழுத்துமூலம் தெரிவித்தார்.’ ஊருக்குப் பதினொரு வருசமாய்த் தெரிந்த விசயந்தான், எழுத்தில் வந்தது இப்போதுதான்.