பேர் சொல்ல மாட்டேன்

"எங்கண்ணன் அந்தக் கூட்டத்துல போயி ஒக்காந்துட்டா, நான் மொட்டையடிச்சுக்கிறேன்டி" என்றார் அத்தை. அப்பாவின் தங்கை அவர். தலையில் தேங்காய் அளவுக்குக் கொண்டை. "நாலெழுத்து படிச்சுட்டா குடிகாரனைத் திருத்திரலாம்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கு?"

புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. சமயநல்லூர் பஸ்ஸில், ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸில் போட்டிருந்தது. குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு மாலை பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரலாம், குடும்பத்தாரும் வரலாம், யார் பெயரும் வெளியே போகாது. அதே பஸ்ஸில்தான் அப்பா தினமும் கொத்து வேலைக்குப் போய்வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் வாசித்தவள் நான். கல்லூரி அடையாள அட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்த காலம் அது.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"கல்யாணமா, காதுகுத்தா? எத்தனை குழாய் ஸ்பீக்கர் வேணும்?" என்றது ஒரு குரல்.

"எங்கப்பா குடிக்கிறாரு..."

"அதை மொதல்ல சொல்லு! ஞாயித்துக்கெழம வா தங்கச்சி. அழுகாத. நானும் மொடாக்குடியனா இருந்தவன்தான்!"

அவர் குரலுக்குப் பின்னால் அதே வார்த்தைகள் இன்னொரு முறை ஒலித்தன. பழுது பார்த்துக்கொண்டிருந்த மைக்கை அணைக்காமலே பேசியிருக்கிறார். தெருவே கேட்டிருக்கும்.

மதுரையிலேயே ரகசியம் காக்கத் தெரியாத ஒரே மனிதரிடம்தான் அந்த ரகசியக் கூட்டத்தின் சாவி இருந்தது. எல்லோருக்கும் அவர் மைக்செட் அண்ணன். காலமெல்லாம் கம்பத்தில் குழாய் கட்டி அறிவிப்புச் செய்தவருக்குச் சாதாரணமாகப் பேசுவது மறந்துபோயிருந்தது. அவர் வீட்டில் உப்புக் கேட்டால், எதிர்வீட்டிலிருந்து உப்பு வரும்.

கல்யாண மண்டப வாசலில் வரவேற்றுப் பழகிய வாய். கூட்டத்துக்கு யார் வந்தாலும் தானாகத் திறந்துகொள்ளும். "இதோ, பஸ் ஸ்டாண்டு பக்கம், பூக்கடைக்கு அடுத்தாப்ல தையக்கடை வச்சிருக்கிற அருமை அண்ணன் வந்திருக்காக! வருக, வருக! பேர் சொல்ல மாட்டேன்!"

தையல்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார். "இதுக்குப் பேரையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, மாப்ள?"

"ரூல்ஸ்னா ரூல்ஸுண்ணே."

ஆனால், இடையில் வழுக்கி விழுந்து மறுபடி குடித்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறவருக்கும் அதே "வருக, வருக"தான். இன்னும் கொஞ்சம் சத்தமாக.

நான் கெஞ்சிக் கெஞ்சி ஒரு ஞாயிறு அப்பாவைக் கூட்டி வந்துவிட்டேன். பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ போ தாயி. ஒரு டீயக் குடிச்சுட்டு வாரேன்."

வகுப்பறைக்குள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்செட் அண்ணன் என் கண் போன திசையைப் பார்த்தார். நான் எழுந்து தடுப்பதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"எதிர்த்த டீக்கடையில, நீலக்கட்டம் போட்ட லுங்கி கட்டியிருக்கிற கொத்தனார் அண்ணன், நம்ம தங்கச்சியோட அப்பா, ஒடனே உள்ள வருமாறு அன்போடு அழைக்கிறோம்! பேர் சொல்ல மாட்டேன்!"

டீக்கடையே லுங்கியைத் திரும்பிப் பார்த்தது. அப்பா பாதி டீயை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?" என்று அழுதேன். அவருக்குக் குரல் வராமல் நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பல வாரம் கழித்து அப்பா மறுபடி வரச் சம்மதித்தார். டீக்கடை வரைக்கும்தான், அந்த ஆள் கூப்பிட்டால் போய்விடுவேன் என்பது நிபந்தனை. அன்று மைக்செட் அண்ணன் யாரையும் வரவேற்கவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு குழாயை டீக்கடைப் பக்கம் பார்க்கக் கட்டியிருந்தார். மற்றவர்கள் பேசும்போது அது அணைந்தே இருந்தது. தன் முறை வந்ததும் போட்டார். சத்தம் சாலையைத் தாண்டும் அளவுக்கு மட்டும்.

முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு சொன்னார்: "எம் மக கல்யாணத்துக்கு நான்தான் மைக் செட்டு. நல்ல போதை. மாப்ள வீட்டாரு உள்ள வாராக, 'ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிச்சுக்கிறோம்'னுட்டேன். முந்துன நாளு ஒரு எழவு வீட்டு வேலை, அதே வாயி. சிரிங்கண்ணே, எல்லாரும் சிரிச்சாக. எம் மகதான் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசலை."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குழாயில் அவர் கதை மட்டும் சாலையைத் தாண்டும். மற்ற நாட்களில் அப்பா குடித்தார். ஞாயிறு மாலை மட்டும் டீ. சாலையை அவர் தாண்டவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்துக் காத்திருந்தேன்.

மைக்செட் அண்ணன் ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். விட்ட குடியைக் கடைசிவரை தொடவில்லை. செய்தியை அப்பாவிடம் சொன்னேன்.

"இனி அந்தக் குழாய் பேசாதா தாயி?" என்றார்.

போன ஞாயிறு நானும் தையல்காரரும் டீக்கடைக்காரரைப் பார்த்துப் பேசினோம். "அந்நேரம் வேற ஆளுக்கு டீ கெடையாதுன்னு சொல்லிர்றேன்" என்றார் அவர். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கூட்டமே சாலையைத் தாண்டியது. அப்பா எங்களைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து தையல்காரருக்கு இடம் விட்டார். அத்தை, கொண்டையை எதற்கும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வருக, வருக" என்று நான்தான் தொடங்கினேன். என் குரல் பக்கத்து பெஞ்சுக்கே எட்டவில்லை.

மைக்செட் அண்ணனின் பெயர் எனக்குத் தெரியும். ஊருக்கே கேட்கக் கூப்பிட வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் பேர் சொல்ல மாட்டேன்.