ஹாரனின் நாற்பது ஜீப்புகள்

கல்வராயன் மலையில் ஒரு ரோடு வராமல் போனதற்குப் பாறை காரணம், மழை காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நம்பாதீர்கள். நான்தான் காரணம். டிகிரி முடித்தும், ஒரு பாரத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று தெரியாத மடையன்.

அந்த மலையில் அருவியைவிட அதிகமாகச் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் ஹாரன். மனிதர்தான். அவருடைய ஜீப்பில் ஹாரன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்ததால், வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி அவரே கத்துவார். கரியாலூரில் கத்தினால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் ஓரம் கட்டும். சொந்தப் பெயரை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

கரியாலூரைத் தாண்டி அவர் ஊருக்குப் போகும் கரடுப் பாதையை ஒரு தனியார் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் தார் ரோடாக்கி, அருவிக்கு வரும் கார்களிடம் பல வருஷம் சுங்கம் வசூலித்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முன் எத்தனை வண்டி போகிறது என்று ஏழு நாள் எண்ண வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் வந்தவை, ஹாரனின் ஜீப் இரண்டு முறை, ஒரு மொபெட். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா சார், தூங்கிக்கினு கீறீங்க?" என்றார் ஹாரன், ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு.

"வண்டியே காணோமேண்ணா. இப்படி இருந்தா கம்பெனிக்காரன் ரோடு போட மாட்டான்."

"ரோடு இல்லாத எப்புடி சார் வண்டி வரும்?"

"வண்டி இல்லாம எப்படிண்ணா ரோடு வரும்?"

இருவரும் மொபெட் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு சொன்னார். மகளைத் திருநாவலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். இப்போது மூன்று மாதம். வலி வந்தால் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்குகிற ஊருக்குத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன், ஜல்லியாவது கொட்டட்டும் என்கிறாராம் சம்பந்தியம்மா.

"அவளுக்குன்னு வூட்ல புதுக் கட்டலு போட்டு வெச்சிகிறேன் சார்."

ஹாரன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை ஜீப் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டிக்கொண்டு வந்தது. "கல்யாண வண்டி. எழுதிக்கோங்க." அரைமணியில் அதே ஜீப், வேப்பிலையோடு. "கோயில் வண்டி." மத்தியானம் உள்ளே நான்கு ஆடு. "சந்தை வண்டி." சாயங்காலம் துண்டை மாற்றிக்கொண்டு வந்து, "எலெக்‌ஷன் வண்டி" என்றார்.

"எலெக்‌ஷனே இல்லியேண்ணா."

"வரும்போது வரட்டும். நீங்க எழுதுங்க."

எழுதினேன். ஆறு நாளில் நாற்பது ஜீப் சேர்ந்தது. ஏழாம் நாள் இன்ஜின் புகைந்து நின்றுவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டே என்னைக் கடந்தார். அதையும் எழுதினேன்.

பாரத்தில் உள்ளூர் வண்டி, வெளியூர் வண்டி என்று இரண்டு கட்டம். சொல்வதே பொய், அதையாவது யோக்கியமாகச் சொல்வோம் என்று எல்லாவற்றையும் உள்ளூரில் டிக் அடித்தேன்.

கம்பெனி அதிகாரி போன் செய்தார். "அத்தனையும் உள்ளூர் வண்டியாப்பா?"

"ஆமாங்க சார்," என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"உள்ளூர் வண்டிக்குச் சுங்கம் கிடையாது. நாங்க போடுற ரோட்டை இவங்க ஓசியிலேயே தேய்ச்சிடுவாங்க."

கம்பெனி கழன்றுகொண்டது. அரசாங்கமாவது போடட்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். அந்த ரோடு தனியார் லிஸ்டில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால்தான் நாங்கள் தொட முடியும் என்றார்கள். யார் எடுப்பது என்று கேட்டேன். அது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். இன்றுவரை லிஸ்டில் பத்திரமாக இருக்கிறது, ஜல்லி விழாத ரோடு.

மகளுக்குத் திருநாவலூரிலேயே பிரசவம் ஆனது. நடந்ததை ஒப்புக்கொள்ள மலையேறினேன். புதுக் கட்டிலில் வாழைத்தார் பழுத்துக்கொண்டிருந்தது. வாசலில் ஜீப் கோழிகளுக்கு வீடாகியிருந்தது. ஹாரன் எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு பலாப்பழத்தை என் தோளில் ஏற்றி, பார்த்து இறங்குங்க என்று வழியனுப்பினார். மலையே அதிரக் கத்தியிருந்தால் நிம்மதியாக இறங்கியிருப்பேன்.

போன மாதம் இன்னொரு கம்பெனி வந்திருக்கிறது. சேதி தெரிந்ததும் நான்தான் முதலில் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, மறுபடியும் வண்டி எண்ணப் போறாங்க. இந்தத் தடவை எல்லாத்தையும் வெளியூர்னு போட்டுடறேன். நீங்க ஜீப்பை மட்டும் ரெடி பண்ணுங்க. ஜல்லி கொட்டினதும் பொண்ணையும் பேரனையும் கூட்டிக்கினு வந்துடலாம்."

"பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டான் சார்."