எட்டு வயதுக் கடைகளின் நூற்றாண்டு வரலாறு

வளைகுடா நகரமான மனாமாவின் பழைய பகுதியில் ஒயின் வியாபாரி ஒருவருக்கு மூன்று பார்கள் இருந்தன. அவர் இறக்குமதி செய்யும் சரக்கைத் தவிர வேறு ஒரு சொட்டுகூட அங்கே விற்கக் கூடாது. விற்றால் கடைக்குப் பூட்டு. 2006இல் ஊரெங்கும் 'பாரம்பரியம்' என்றொரு காய்ச்சல் பரவவே, முதலாளிக்கும் ஒரு வரலாறு தேவைப்பட்டது.

எழுதும் பொறுப்பு கிளார்க் சுசீலாவின் தலையில் விழுந்தது. ஊரில் அவள் மகளுக்குக் காதுகுத்து, வெள்ளிக்கிழமை விமானம். லீவுத்தாளில் மேனேஜர் நேசையன் கையெழுத்து மட்டும் பாக்கி.

"வரலாறு முடிஞ்சா லீவு," என்றார் அவர்.

சுசீலா கால்மணி நேரத்தில் முடித்துவிட்டாள்: 'மூன்று பார்களும் 1998இல் திறக்கப்பட்டன.'

"எங்க வீட்டு மிக்சிக்கே இதைவிட வயசு கூட. நூறு போடு பிள்ளே."

"சார், முதலாளிக்கே அறுபதுதானே?"

"வரலாறு முதலாளியைவிட மூத்ததா இருக்கணும். இல்லேன்னா ஆரு மதிப்பா?"

நூறு போட்டாள். உடனே, 'நூற்றாண்டுக் கட்டடத்தின் சுவர் வழவழப்பாக இருப்பது வரலாற்றுக்கு இழுக்கு' என்று சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுவரைப் பூசிய கொத்தனார் வீரபாண்டியையே கூப்பிட்டுப் பெயர்க்கச் சொன்னார்கள்.

"அன்னைக்குப் பூச்சு பெயருதுன்னு திட்டுனாங்க தங்கச்சி. இன்னைக்குப் பெயரலைன்னு திட்டுறாங்க."

அவர் அங்கேயே குடிப்பவரும்கூட. வரலாற்றில் சேர்க்க சுசீலா அவரிடமே கேட்டாள்: "இங்க எந்த ஒயின்ணே உங்களுக்குப் பிடிக்கும்?"

"பிடிக்கிறதா? வேற எதைக் கேட்டாலும் 'மாஃபி', இல்லவே இல்லைங்கிறான்."

நேசையன் அதைச் செம்மைப்படுத்தினார்: 'தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளர்கள் எங்கள் ஒயினையே மனமுவந்து தேர்ந்தெடுக்கின்றனர்.'

செவ்வாய்க்கிழமை. இன்னும் ஒரு வரி குறைகிறதாம். ஊழியர்களைப் புகழ்ந்துவிட்டால் வம்பில்லை என்று சுசீலா ஒரே மூச்சில் டைப் அடித்தாள்: 'இந்த நூறாண்டில் ஊழியர் ஒருவர்கூட ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.'

முதலாளி படித்துக் கண்கலங்கினாராம். அந்த வரியைப் பித்தளையில் பொறித்து, மூன்று பார் வாசலிலும் மாட்ட உத்தரவு.

வியாழன் காலை சுசீலா லீவுத்தாளை நீட்டினாள். நேசையன் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"கையெழுத்துப் போட்டா வரலாறு பொய்யாயிடுமே பிள்ளே."

"நான் இட்டுக்கட்டினதுதானே சார் அது?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும். இப்போ பித்தளை."

மாலையில் திறப்புவிழா. திரை விலகிப் பலகை மினுமினுத்ததும் ஊழியர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லீவுக்கு எழுதிப் போட்டிருந்த பதினான்கு பேர், முதலாளியின் பார்வையில் படட்டும் என்று, கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

சுசீலா மட்டும் தட்டவில்லை. வரலாற்றாசிரியர் என்ற மரியாதைக்காக, திரை இழுக்கும் கயிற்றை அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.