பச்சை நூலில் காய்த்த கத்தரிக்காய்

பிள்ளைக்கு எதையாவது கற்பிக்கப் புறப்படும் தாய்மாருக்கு ஒரு வியாதி உண்டு: தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, சிறு தோட்டக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், சிலர் ஏன் பசியோடு படுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெற்றோர் வேண்டுமென்று வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் கேட்டார். "எங்கட வீட்டிலயே தோட்டம் இருக்கு டீச்சர்" என்று முதல் ஆளாக எழுதினேன். (தோட்டம் என்றது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி பல்கனியில், பெயின்ற் வாளிக்குள் நின்ற ஒற்றைக் கத்தரிச் செடியை.)

எட்டுப் பக்கக் குறிப்பு எழுதினேன். செடிதான் ஒத்துழைக்கவில்லை. கடற்காற்றில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. மகளோ, "எங்கட அம்மாவின்ட செடியில காய் தொங்கும், கொண்டு வருவா, பாருங்கோ" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் முகம் சுருங்கக்கூடாதே! சந்தையில் நாலு கத்தரிக்காய் வாங்கி, காலையில் அவள் எழும்ப முதல் பச்சை நூலால் கட்டினேன்.

"என்னப்பா, ஒரே செடியில ரெண்டு ஊதா, ரெண்டு வெள்ளை?" என்றார் கணவர்.

"சின்னப் பிள்ளையள்தானே, கவனிக்காதுகள்."

வாளியோடு செடியைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் மேசைமேல் வைத்தேன். கவனித்தார்கள். மாமாவின் தோட்டத்தில் ஓடித் திரிந்து பழகிய ஒரு சிறுமி வந்து தொட்டாள். காய் தொப்பென்று விழுந்தது.

"அது... நல்லா முத்தின காய்" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, நூல் தொங்குது."

வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது. வாளிக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்த்தேன். மகள் எழுந்தாள்.

"அது என்ர சட்டை தைச்ச நூல். அம்மாவின்ட செடி காய்க்கேல்ல, அதான் வாங்கிக் கட்டியிருக்கிறா." சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் உட்காரவில்லை. அந்தச் சிறுமியைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கட மாமாவுக்குக் காய்க்காட்டி என்ன செய்வார்?"

"போன மாரி வெள்ளத்தில எல்லாம் அழுகிப் போச்சு. மாமாவும் மாமியும் இரவில வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தவை."

"கடையில வாங்கேலாதா?"

"காய் வித்தாத்தானே காசு!"

சிரிப்பு நின்றது. மணி அடிக்கும்வரை பிள்ளைகளே கேட்டார்கள், பிள்ளைகளே பதில் சொன்னார்கள். என் எட்டுப் பக்கமும் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது என் மகள் என்ற பெருமையில் அவமானப்படவும் மறந்துபோனேன்.

சில மாதங்களில் அதே செடி, கட்டைவிரல் அளவில், உண்மையாகவே ஒரு காய் காய்த்தது. கூப்பிட்டுக் காட்டினேன். கணவர் நம்பாமல் இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் மகள் சொல்லாமல் விடமாட்டாள்: "அம்மா கட்டினதை என்ர ஃபிரெண்ட் விழுத்தினவ. அம்மா வளர்த்ததை அப்பா பிடுங்கினவர்."