எதிர்வீட்டு மீட்புப் பணி

நெருப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பக்கத்து நாற்காலியில் மனித குலம் யாரையாவது உட்கார வைக்க நினைத்தால், எங்கள் எதிர்வீட்டுக்காரரைத்தான் உட்கார வைக்க வேண்டும். அவர் உட்காருவதில் கைதேர்ந்தவர் என்பது கூடுதல் தகுதி.

நான் யார் வீட்டு விஷயத்திலும் தலையிடுகிறவள் அல்ல. அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, என் காதும் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு பெரிய அலுவலகத்தில் தகவல் பாதுகாப்பு மேலாளர். எதுவாவது கெட்டுப்போனால் கூட்டம் போடுவார். கெட்டுப்போகாவிட்டால், ஏன் கெட்டுப்போகவில்லை என்று கூட்டம் போடுவார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா நகரத்து வௌவால்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். சாயங்காலமானால் பாலத்தடியில் அண்ணாந்து நின்று, கழுத்து பிடித்துக்கொள்ளும் வரை வௌவால் எண்ணுவார். எண்ணியது, எழுதியது எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கெஞ்சி வாங்கிய கடைசி கெடு அது.

அந்த வாரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் 'புதிய பதிப்பு தயார்' என்றது. வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றார் அக்கா. ஒரு மேலாளர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பழைய பதிப்பை வைத்திருப்பது வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம் என்று விளக்கினார். தவிர, அவரிடம் பேக்கப் டிரைவ் இருந்தது. ஏதோ நாலு ஃபைலைப் போட்டு வைக்கும் டிரைவ் அல்ல. கம்ப்யூட்டரின் அச்சு அசல் நகல். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதைச் செருகி, அதிலிருந்தே எழுப்பிவிடலாம். ஒருமுறை எழுப்பித்தான் காட்டுங்களேன் என்று அக்கா முன்பே கேட்டிருந்தார். சோதித்துப் பார்ப்பது அவநம்பிக்கையை வளர்க்கும் என்று மேலாளர் மறுத்துவிட்டார்.

பதிப்பு ஏறத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு வளர்ந்து வளர்ந்து, முக்கால்வாசியில் அப்படியே நின்றது. அப்போது மேலாளர் முகத்தில் நான் கண்டது கலக்கம் அல்ல, பரவசம். காலமெல்லாம் அலுவலகத்தில் பேசிப் பேசியே வரவழைக்க முடியாத 'பேரிடர்', சொந்த வீட்டுக்கே நடந்து வந்திருந்தது. உடனே சாப்பாட்டு மேசையில் 'மீட்புக் குழு' கூடியது. தலைவர் அவர். உறுப்பினர் அக்கா. ஆனால் கூட்டத்தில் அக்காவின் பெயர் 'பயனர்'. பார்வையாளர், சர்க்கரை கேட்க வந்த நான்.

கம்ப்யூட்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதிய பதிப்பை முதலிலிருந்து போடுவது என்று தலைவர் முன்மொழிந்தார். தலைவரே வழிமொழிந்தார்.

"அப்ப என் தீஸிஸ்?" என்றார் அக்கா.

"அதான் டிரைவ்ல இருக்கே. பயனர் பதட்டப்படக் கூடாது."

அழித்தார். போட்டார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி கம்ப்யூட்டர் பளிச்சென்று வந்தது. அடுத்து, டிரைவிலிருந்து எழுப்பும் வைபவம். டிரைவ் எழவில்லை. கேபிளை மாற்றினார். வேறு துளையில் செருகினார். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தார். பிறகு அதே பட்டனை அக்காவை அழுத்தச் சொன்னார், பயனரின் விரலுக்காவது மரியாதை கிடைக்கிறதா பார்க்க. 'இந்த டிரைவிலிருந்து தொடங்க முடியாது' என்று புதிய பதிப்பு பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்தது. செருகியிருந்த டிரைவும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படமாக வந்து நின்றது. அக்கா அதைத் திறந்தார். உள்ளே, 'வௌவால்' என்ற ஃபோல்டர், கண்ணெதிரே.

"இதோ இருக்குங்க. இதை மட்டும் காப்பி பண்ணிக்கறேன், போதும்."

மேலாளர் கையை நீட்டித் தடுத்தார். அவசரத்துக்குக் கை விட்டு ஒரு ஃபைலை எடுப்பதற்குப் பெயர் மீட்பு அல்ல, களவு என்றார். டிரைவ் முதலில் எழ வேண்டும். எழுந்தபின் நடைமுறைப்படி எல்லாமே கிடைக்கும்.

அக்கா பென் டிரைவ் தேடி உள்ளே போனார்.

அந்த இடைவெளியில்தான் தலைவருக்கு ஞானம் பிறந்தது. கம்ப்யூட்டரில் இருப்பது புதுப் பதிப்பு, டிரைவில் இருப்பது பழசு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நகல் எடுக்கும் மென்பொருளைத் திறந்தார். 'டிரைவில் தற்போது உள்ளவை அழியும். தொடரலாமா?' என்று அது கேட்டது.

"சார், அக்கா வந்துரட்டுமே," என்றேன்.

"பார்வையாளருக்குப் பேச அனுமதி இல்லை," என்றபடி 'தொடரலாம்' என்பதை அழுத்தினார்.

காலியான கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க நேரமா ஆகும்? அக்கா எந்த அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாரோ, அவர் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. மேலாளர் மறுபடி பட்டனை அழுத்தி ஆன் செய்தார். எழுந்தது ஐயா, டிரைவ் எழுந்தது. என்ன வேகம், என்ன துல்லியம். பென் டிரைவோடு வந்த அக்கா திரையைப் பார்த்தார். ஒரு மலைப் படம். அதன் மேல் ஒரு ஃபோல்டர்கூட இல்லை.

"என் ஃபோல்டர் எங்க?"

"பூட் ஆயிடுச்சு பாத்தியா?"

"எங்கன்னு கேட்டேன்."

பதில் சொல்வதற்கு முன் மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மீட்புக் குழு அந்தக் கணமே 'விசாரணைக் குழு' ஆனது. மீட்புப் பணி தொழில்நுட்ப ரீதியாக முழு வெற்றி என்று முதலில் பதிவானது. பிறகு இழப்புக்கான காரணத்தைத் தலைவர் வருத்தத்தோடு அறிவித்தார்.

"பயனர் தன்னோட மொத்த உழைப்பையும் ஒரே இடத்தை நம்பி வெச்சிருந்தாங்க. அதான் தப்பு."

அக்கா பென் டிரைவை மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. டிரைவைப் பார்க்கவில்லை. கணவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "தப்புதான்."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த 'ஒரே இடம்' மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த கூட்டத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தது.