கலைமதி திட்டி வாங்கிய ஓட்டுகள்

பாலக்கரை, திருச்சி.

அன்பு மைத்துனர் கலீம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறோம். உங்கள் அக்கா நஜ்முன்னிசாவும் சுகம்தான். என்னைப் பார்த்தால் மட்டும் சிரிக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் கலைமதி என்றொரு பெண் சுயேச்சையாக நின்றார். ஸ்ரீரங்கத்துக்காரர், இங்கே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கட்சி கிடையாது, கொடி கிடையாது, ஒரு கும்பிடுகூடக் கிடையாது. வீடு வீடாகப் போய் ஜனங்களைத் திட்டினார். "சாக்கடையில குப்பையக் கொட்டுனது நீங்கதானே? அப்புறம் கொசு கடிக்குதுன்னு யாருகிட்ட சொல்றீங்க?" இப்படியும் ஒரு பிரசாரமா? உள்ளூர் கேபிள் சேனலில் என் பெயருக்குக் கீழே தேர்தல் ஆய்வாளர் என்று போடுகிறார்களே, அந்தப் பொறுப்போடு, இவருக்கு டெபாசிட் கிடைக்காது என்றேன். என்னோடு அந்த விவாதத்தில் உட்காரும் பேராசிரியர் கிளமென்ட், இவர் ஆளுங்கட்சியின் ஆள் என்றார். இன்னொருவரான வக்கீல் நஸ்ருல்லா, இல்லை எதிர்க்கட்சியின் ஆள் என்றார். அந்தச் சண்டையில் சேனல் மைக் ஒன்று உடைந்தது. ஜனங்களோ, எங்கள் தெருவுக்கு எப்போது திட்ட வருவீர்கள் என்று அவருக்குப் போன் போட்டுக் கேட்டார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்துவிட்டு, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று காந்தி மார்க்கெட் பக்கம் அவரைத் தேடிப் போனேன்.

"உங்க கொள்கை என்னம்மா?" என்றேன்.

அவர் என் ஸ்கூட்டரைப் பார்த்தார். "வண்டிய எங்க விட்டிருக்கீங்க? பின்னாடி வாழைத்தார் ஏத்தின வண்டி நிக்குது, தெரியலையா? எடுங்க."

எடுத்தேன். வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு வருவதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "வாசல்ல வண்டிய மறிச்சு விடாதீங்கன்னு கல்யாணம் ஆனதுலேருந்து நானும் கத்துறேன். அந்தம்மா சொன்னதும் எடுத்தீங்களா? என் ஓட்டு அவங்களுக்குத்தான்" என்றாள் உங்கள் அக்கா. இது ஒரு வீட்டுப் பிரச்சினை, இதையெல்லாம் ஆய்வில் சேர்ப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

கலைமதி ஜெயித்தார். மற்றவர்களுக்குத்தான் டெபாசிட் போனது. முதலிலிருந்தே இதைத்தான் சொன்னேன் என்றார் கிளமென்ட். அதிருப்தி ஓட்டு என்றேன் நான். அனுதாப ஓட்டு என்றார் நஸ்ருல்லா. யார்மேல் அனுதாபம் என்று கேட்டதற்கு, திட்டு வாங்கியவர்கள்மேல் என்றார். கடைசியில் சேனல்காரர்கள் கலைமதிக்கே போன் போட்டார்கள்.

"எப்படி ஜெயிச்சீங்க மேடம்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஓட்டுப் போட்டவங்களக் கேளுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்த ஜனங்களை என்னால் புரிந்துகொள்ள முடியாது. இனி அரசியல் பேசுவதாக இல்லை. உங்கள் வீட்டில் சம்ரீனுக்கு என் சலாம் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
பரக்கத் அலி

பி.கு.: இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம். வாக்குச்சாவடிக்குள் நுழையும்வரை யாருக்குப் போடப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உள்ளே போனேன், கலைமதிக்குப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.